லேகாக் கிராமமும் அபேயும்: வீட்டுக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாங்கள் இருப்பது ஸ்விண்டனில். ஊரிலிருந்து யார் வந்தாலும் லண்டன், ஸ்டோன்ஹெஞ்ச், பாத் என்று காட்டி முடித்துவிட்டு நாலாம் நாள் லேகாக்குக்குக் கூட்டிப்போவது வழக்கமாகிவிட்டது. இதுவரை பத்துப் பன்னிரண்டு தடவை போயிருப்பேன். காரில் ஏறியதும் அத்தையோ சித்தப்பாவோ ஆரம்பிக்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். பதிலை எழுதி வைத்துவிட்டால் அடுத்து வருகிறவர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடலாம், நானும் சாலையைப் பார்த்து ஓட்டலாம் என்று உட்கார்ந்து எழுதியது இது.

இந்த ஊர் எங்கே இருக்கிறது? பெயரை எப்படிச் சொல்வது?

தென்மேற்கு இங்கிலாந்தில், வில்ட்ஷயரில். சிப்பனம் என்ற சிறு நகரத்துக்குத் தெற்கே 5 கிலோமீட்டர். பக்கத்தில் ஏவன் ஆறு ஓடுகிறது. ஷேக்ஸ்பியர் ஊர் ஏவன் வேறு, இது வேறு. இது பாத், பிரிஸ்டல் வழியாகப் போய்க் கடலில் சேர்கிற ஏவன்.

'லே'யை நீட்டிச் சொல்லுங்கள், போதும். சிற்றோடை என்று பொருள்படும் பழைய சாக்சன் சொல்லிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். ஊரின் நடுப்பகுதி நாலே தெரு: ஹை ஸ்ட்ரீட், சர்ச் ஸ்ட்ரீட், வெஸ்ட் ஸ்ட்ரீட், ஈஸ்ட் ஸ்ட்ரீட். நம் ஊர் மாடவீதி மாதிரி ஒரு சதுரம். சும்மா நடந்தால் இருபது நிமிடத்தில் சுற்றிவிடலாம். கிழக்கே ஊர் முடிகிற இடத்தில், புல்வெளிக்கு நடுவே இருக்கிறது லேகாக் அபே, ஒரு காலத்தில் மடமாக இருந்து பிறகு மாளிகையான கட்டடம்.

நாலு தெருவைப் பார்க்க இவ்வளவு தூரம் வர வேண்டுமா?

என் மாமா இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் அழகான பழைய கிராமத்துக்குப் பஞ்சமில்லை. கல் வீடு, ரோஜாக்கொடி, தேவாலயக் கோபுரம் எல்லாம் எங்கும் கிடைக்கும்.

இரண்டு காரணத்துக்காக நான் இங்கே கூட்டிவருகிறேன். ஒன்று, இங்கே வீடுகள் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டோடு நின்றுபோனவை. சில 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். இன்னொன்று, இன்று கைபேசியைத் தூக்கித் தூக்கிப் படம் எடுக்கிறோமே, அந்தச் சங்கதியின் வேர்களில் ஒன்று இந்த மாளிகையின் ஒரு ஜன்னலில் இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே நிறையச் சொல்லப்போகிறேன்.

கிராமமே ஒரே ஆளுக்குச் சொந்தம் என்கிறார்களே, உண்மையா?

ஆளுக்கு அல்ல, அறக்கட்டளைக்கு. ஏறக்குறைய எல்லா வீடுகளும் நேஷனல் டிரஸ்டுக்குச் சொந்தம். இது 1895இல் தொடங்கிய அறக்கட்டளை, அரசாங்கத் துறை அல்ல.

அதற்கு முன் ஊர் டால்பட் குடும்பத்தின் கையில் இருந்தது. நம் ஊர் ஜமீன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: அரண்மனை, அதைச் சுற்றி நிலம், ஊரில் உள்ள வீடுகள் எல்லாம் ஒரே பட்டா. கடைசியாக வைத்திருந்தவர் மட்டில்டா டால்பட் என்ற அம்மையார். 1916இல் மாமாவிடமிருந்து அவருக்கு வந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1944இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, மாளிகையையும் கிராமத்தையும் சேர்த்து நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்துவிட்டார். 1958இல் இறந்தார்.

அப்படியானால் அங்கே இருப்பவர்கள்?

வாடகைக்கு இருக்கிறார்கள். வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகள் உள்ளூர் ஆரம்பப் பள்ளிக்குப் போகிறார்கள். கதவுக்கு என்ன நிறம் அடிப்பது என்பதைக்கூடத் தன்னிஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. மின்கம்பி தலைக்கு மேல் தொங்காது, கூரையில் டிவி ஆன்டெனா தெரியாது.

எங்கள் அத்தை ஒரு வீட்டு ஜன்னலில் முகத்தை ஒட்டி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டார். உள்ளே ஒருவர் சோபாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் கோப்பையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார், நல்ல மனுஷன். ஆனால் வருஷம் முழுக்க இப்படி யாராவது எட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். தயவுசெய்து எட்டிப் பார்க்க வேண்டாம். சில வீட்டு வாசலில் ஜாம், கேக், செடித்தொட்டி வைத்துப் பக்கத்தில் காசுப்பெட்டி வைத்திருப்பார்கள். ஆள் இருக்காது. விலையைப் பார்த்துக் காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

ஊர் மாறாமல் இருந்ததற்கு என்ன காரணம்? பாரம்பரியத்தின் மேல் அவ்வளவு பற்றா?

அப்படித்தான் நினைக்கத் தோன்றும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இந்த ஊரைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு ஊர் நொடித்துப்போனதற்கு.

கம்பளி நூலும் துணியும் செய்து கொழித்த ஊர் இது. 13ஆம் நூற்றாண்டிலிருந்தே சந்தை கூடியிருக்கிறது. ஹை ஸ்ட்ரீட் இவ்வளவு அகலமாக இருப்பது சந்தைக்காகத்தான். மேற்கு இங்கிலாந்தின் துணி வண்டிகள் போகும் பாதையில் இருந்ததால் சத்திரங்களுக்கும் நல்ல வரும்படி. அந்தக் காலத்தில் வீடு கட்டினார்கள், இடித்தார்கள், முன்பக்கத்தை மட்டும் புதுசாக மாற்றினார்கள். காசு இருக்கிற ஊரில் யாரும் பழசை வைத்துக் கும்பிடுவதில்லை.

அப்புறம் தொழிற்புரட்சி வந்தது. துணி ஆலைகள் வடக்கே யார்க்‌ஷயர் பக்கம் போயின. 1841இல் லண்டன்–பிரிஸ்டல் ரயில்பாதை சிப்பனம் வழியாகப் போனது, வளர்ந்தது சிப்பனம். லேகாக்கில் புதிதாகக் கட்ட யாருக்கும் தேவையும் இல்லை, பணமும் இல்லை. கட்ட நினைத்தாலும் நிலம் ஒரே குடும்பத்திடம். அந்தக் குடும்பம் விற்கவும் இல்லை, பெரிதாக எதையும் மாற்றவும் இல்லை. நூறு வருஷம் இப்படிப் போனால் ஊர் தானாகவே பழைய ஊர் ஆகிவிடுகிறது. பாதுகாப்பு, பாரம்பரியம் என்ற பேச்செல்லாம் 1944க்குப் பிறகுதான் அழுத்தமாக வந்தது.

அபே என்றால் மடம்தானே? இது மாளிகை மாதிரி அல்லவா இருக்கிறது?

இரண்டும்தான். கீழே மடம், மேலே மாளிகை.

மடம் கட்டியவர் ஈலா, சால்ஸ்பரி சீமாட்டி. அவர் கணவர் வில்லியம் லாங்கஸ்பே, இரண்டாம் ஹென்றி ராஜாவுக்கு மண உறவுக்கு வெளியே பிறந்த மகன். 1225இல் பிரான்ஸிலிருந்து திரும்பும்போது அவர் கப்பல் புயலில் மாட்டிக்கொண்டது. மாதக்கணக்கில் செய்தி இல்லை, செத்துவிட்டார் என்றே எல்லாரும் முடிவுகட்டினார்கள். நாட்டிலேயே செல்வாக்கான மந்திரி ஒருவர் தன் உறவுக்காரப் பையனுக்கு ஈலாவைப் பெண் கேட்டார். அவருக்கு ஈலாவின் சொத்து மேல் கண். ஈலா மறுத்துவிட்டார். கணவர் உயிரோடு வந்து சேர்ந்தார், ஆனால் 1226இல் இறந்துபோனார்.

அதன்பின் ஈலா யாரையும் மணக்கவில்லை. வில்ட்ஷயரின் ஷெரிஃப் பதவியை, அதாவது ராஜாவின் சார்பில் அந்த வட்டாரத்தைக் கவனிக்கும் பதவியை, தானே வகித்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண் இந்தப் பதவியில் இருப்பது அபூர்வம். 1232 ஏப்ரல் 16ஆம் தேதி காலையில் லேகாக்கில் கன்னியாஸ்திரிகளுக்கு ஒரு மடம், அன்று மாலையே ஹின்டனில் துறவியருக்கு ஒரு மடம் என்று ஒரே நாளில் இரண்டுக்கு அடிக்கல் வைத்ததாகச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே 25 கிலோமீட்டர் போல இருக்கும், குதிரையில். பிறகு தானே இங்கே கன்னியாஸ்திரியாகச் சேர்ந்து தலைவியும் ஆனார்.

கீழ்த்தளத்துக்குப் போனால் நடுவில் முற்றம், நாலு பக்கமும் கல் வளைவுக் கூரையோடு நடைபாதை. நம் கோயில் பிராகாரத்தில் நடக்கிற மாதிரியே காலடி ஓசை கேட்கும். அதை ஒட்டிச் சின்னச் சின்ன அறைகள். அதில் ஒன்றில்தான் கன்னியாஸ்திரிகள் குளிர்காய நெருப்பு மூட்டுவார்கள். அந்த அறையில் ஒரு பிரம்மாண்டமான உலோக அண்டா இருக்கிறது. 1500இல் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள மெகலன் நகரில் வார்த்தது. செய்தவர் பேரும் வருஷமும் விளிம்பில் இருக்கின்றன. ஏறக்குறைய 300 லிட்டர் பிடிக்கும். எங்கள் அத்தை அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கல்யாணச் சாம்பாருக்குச் சரியா இருக்கும்" என்றார்.

மடத்தை மாளிகையாக்கியது யார்?

ஒரு திருடன். சர் பட்டம் வாங்கிய திருடன்.

எட்டாம் ஹென்றி போப்போடு முறித்துக்கொண்டு நாட்டிலுள்ள மடங்களையெல்லாம் மூடினார் அல்லவா, லேகாக் 1539 ஜனவரியில் மூடப்பட்டது. அடுத்த வருஷம் 783 பவுண்டுக்கு வாங்கியவர் வில்லியம் ஷாரிங்டன். தேவாலயத்தை இடித்துத் தள்ளினார். ஆனால் பிராகாரத்தையும் கீழ் அறைகளையும் அப்படியே விட்டுவிட்டு அவற்றின் மேலே தன் வீட்டை அமைத்துக்கொண்டார். முதலிலிருந்து கட்டுவதைவிட அது சிக்கனம். அந்தச் சிக்கனத்தால்தான் 13, 15ஆம் நூற்றாண்டுக் கல்வேலையை இன்று நாம் பார்க்கிறோம். மூலையில் எண்கோணக் கோபுரம் ஒன்று எழுப்பினார், விலையுயர்ந்த பொருள்களைப் பூட்டி வைக்க. அதில் தேள் செதுக்கிய கல்மேஜை இருக்கிறது. தேள்தான் அவர் குலச்சின்னம்.

அப்புறம் பிரிஸ்டல் நாணயச்சாலையில் பெரிய பதவி கிடைத்தது. காசில் வெள்ளியைக் குறைத்து, கணக்கை மாற்றி எழுதிச் சுருட்டினார். எட்டாம் ஹென்றிக்குப் பின் வந்த சிறுவயது ராஜாவின் மாமா தாமஸ் சீமோர் ஒரு கலகத்துக்குத் திட்டம் போட்டார். அதற்குப் பணம் கொடுக்கவும் இவர் ஒத்துக்கொண்டார். 1549இல் மாட்டிக்கொண்டார்கள். சீமோருக்குத் தலை போயிற்று. ஷாரிங்டன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு மன்னிப்பு வாங்கி, பெருந்தொகை கட்டிச் சொத்தை மீட்டுக்கொண்டார். மூன்று வருஷத்தில் வில்ட்ஷயர் ஷெரிஃப் ஆகிவிட்டார்! இதைச் சொன்னால் ஊரிலிருந்து வரும் எல்லாருமே ஒரே மாதிரி சிரிக்கிறார்கள்.

கோபுரத்திலிருந்து ஒரு பெண் குதித்தாளாமே?

ஷாரிங்டனின் தம்பி மகள் ஆலிவ். அவள் ஜான் டால்பட்டை விரும்பினாள், அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ராத்திரி மேலே நின்று அவனோடு பேசிக்கொண்டிருந்தவள், "குதிக்கட்டுமா?" என்று கேட்டுக் குதித்தேவிட்டாள். பாவாடையில் காற்று புகுந்து வேகம் குறைந்ததாம். கீழே பிடிக்க நின்றவன்தான் அடிபட்டு மூச்சுப்பேச்சில்லாமல் விழுந்தான். இவ்வளவு தூரம் குதித்துவிட்டாள், கட்டிக்கொண்டு போகட்டும் என்று அப்பா விட்டுவிட்டார். 17ஆம் நூற்றாண்டில் ஜான் ஆப்ரி என்ற எழுத்தாளர் எழுதிவைத்த கதை இது. நடந்ததோ இல்லையோ, அவர்கள் கல்யாணம் நிஜம். அதன் வழியாகத்தான் டால்பட் குடும்பத்துக்கு லேகாக் வந்தது.

முதல் போட்டோ எடுத்த இடம் இதுதானா?

முதல் போட்டோ இல்லை. இதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். பிரான்ஸில் நியெப்ஸ் 1820களிலேயே ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கூரைகளை ஒரு உலோகத் தகட்டில் பதித்துவிட்டார். இங்கே எடுத்தது, இன்று நம்மிடம் மிஞ்சியிருக்கும் கேமரா நெகட்டிவ்களில் மிகப் பழையது. 1835 ஆகஸ்ட். எடுத்தவர் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். படத்தில் இருப்பது அவர் வீட்டு ஜன்னல், அவ்வளவுதான்.

டால்பட் 1800இல் பிறந்தார். பிறந்த சில மாதங்களில் அப்பா போய்ச் சேர்ந்தார்; விட்டுப்போனது கடன். அதனால் மாளிகை வாடகைக்குப் போய், 1827இல்தான் டால்பட் இங்கே வந்து குடியேறினார். கேம்பிரிட்ஜில் படித்த கணித ஆள். தாவரவியல், ஒளியியல், வேதியியல், பழைய மெசபொத்தேமியாவின் ஆப்பெழுத்து என்று எதைத் தொட்டாலும் ஆழமாகப் போகிறவர். ஒன்று மட்டும் வரவில்லை: படம் வரைவது. கல்யாணமாகி மனைவி கான்ஸ்டன்ஸோடு 1833இல் இத்தாலிக்குப் போனார். கோமோ ஏரிக்கரையில் உட்கார்ந்து, பட்டகம் வைத்த ஒரு வரைகருவி மூலம் காட்சியைத் தாளில் பிடிக்கப் பார்த்தார். கோடு கோணலாக வந்தது. இந்தக் காட்சி தானே தாளில் படிந்துவிட்டால் என்ன என்று அங்கேதான் தோன்றியது.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம். அந்த ஜன்னல் இருப்பது மாளிகையின் தெற்குச் சுவரில். தெற்குச் சுவர் என்பது ஷாரிங்டன் இடித்த தேவாலயத்தின் வடக்குச் சுவர். தேவாலயம் நின்றிருந்தால் அந்தப் பக்கம் வெயிலே எட்டியிருக்காது. 300 வருஷம் கழித்து ஒருவர் வெயிலை வைத்துத் தாளில் படம் பிடித்ததற்கு, காசு பார்க்கத் தெரிந்த ஒரு திருடன் கோயிலை இடித்ததும் ஒரு காரணம்! சுவரிலிருந்து வெளியே துருத்திக்கொண்டிருக்கும் அந்த ஜன்னல்களைக் கட்டியது டால்பட்தான்; இடம் கொடுத்தது ஷாரிங்டன்.

நெகட்டிவ் என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியவில்லையே. எப்படி எடுத்தார்?

ஸ்டூடியோவில் கழுவிக் கொடுத்த படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்கு:

நல்ல எழுதுதாளைச் சமையல் உப்புக் கரைசலில் நனைத்துக் காய வைத்தார். மேலே சில்வர் நைட்ரேட்டைப் பூசினார். இரண்டும் சேர்ந்து சில்வர் குளோரைடு ஆகிறது. வெளிச்சம் பட்ட இடம் கறுக்கும். இந்தத் தாளைச் சின்ன மரப்பெட்டிக்குள் வைத்து, முன்னால் ஒரு லென்ஸ் பொருத்தி, ஜன்னலைப் பார்க்க வைத்துவிட்டு வந்துவிட வேண்டியது. நிமிஷக் கணக்கில் அல்ல, மணிக்கணக்கிலும் ஆகும். உள்ளங்கை அளவு பெட்டிகளை அவர் வீட்டைச் சுற்றி அங்கங்கே வைத்ததால் கான்ஸ்டன்ஸ் அவற்றுக்கு எலிப்பொறி என்று பேர் வைத்தார்.

வெளிச்சமான ஜன்னல் தாளில் கறுப்பாகவும், இருட்டான சுவர் வெளுப்பாகவும் விழுந்தது. அதுதான் நெகட்டிவ். அதை இன்னொரு தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டினால் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் மாறி நிஜக் காட்சி வரும். ஒன்றிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். 1835இல் எடுத்தது ஒரு தபால்தலையைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவே. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 200 கண்ணாடிக் கட்டங்களையும் எண்ணலாம் என்று பக்கத்திலேயே கைப்பட எழுதிவைத்தார்.

எழுதிவைத்துவிட்டு அதைப் பெட்டியில் போட்டு மூடி, வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். மூன்று வருஷத்துக்கு மேல்! 1839 ஜனவரியில் பாரிஸில் டகேர் என்பவர் படம் பிடிக்கும் தன் முறையை அறிவித்ததும் பதறிப்போய், அதே மாதம் 25ஆம் தேதி லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தன் படங்களைக் கொண்டுபோய் வைத்தார். டகேரின் படம் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் வெள்ளித் தகட்டில் இருக்கும். துல்லியத்தில் டால்பட்டின் தாள் கிட்ட நிற்காது. ஆனால் தகடு ஒன்றே ஒன்றுதான், பிரதி எடுக்க முடியாது. பிற்காலத்தில் ஜெயித்தது தாளின் வழி. ஃபிலிம் காலம் முடியும்வரை உலகம் அதில்தான் ஓடியது. பழைய ஸ்டூடியோக்காரர்கள் 'ஹைப்போ' என்பார்களே, படத்தை நிலைக்கச் செய்யும் உப்பு, அதை டால்பட்டுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர் நண்பர் ஜான் ஹெர்ஷல். நெகட்டிவ், பாசிட்டிவ் என்ற சொற்களும் அவர் தந்தவைதான்.

1840இல் டால்பட் இன்னொன்று கண்டுபிடித்தார். கொஞ்ச நேரமே வெளிச்சம் பட்ட தாளில் கண்ணுக்குத் தெரியாமல் படம் ஒளிந்திருக்கிறது, ரசாயனத்தால் கழுவினால் மேலே வருகிறது. மணிக்கணக்கு நிமிஷக்கணக்காகக் குறைந்தது. 1841இல் இதற்குக் காப்புரிமை வாங்கிக் கட்டணம் கேட்டார். அதனால் அவருக்குக் கெட்ட பேர்தான் மிச்சம். காப்புரிமை செல்லாத ஸ்காட்லாந்தில் இந்த முறை நன்றாகத் தழைத்தது என்பதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

அசல் நெகட்டிவ் இங்கே இல்லை, தேடாதீர்கள். அது பிராட்ஃபோர்டு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. இங்கே வாசல் பக்கத்துப் பழைய களஞ்சியத்தில் 1975 முதல் டால்பட் பெயரில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.

நம் ஊருக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு?

உண்டு. இழுத்துப் பிடித்துச் சொல்கிற தொடர்பு இல்லை. 1850களில் சென்னை மாகாண அரசு லினேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைப் புகைப்படக்காரராக நியமித்தது. 1858இல் அவர் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை என்று மாட்டுவண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு சுற்றிப் படம் எடுத்தார். அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது தாள் நெகட்டிவ். டால்பட்டின் முறையைப் பிரான்ஸின் லெ கிரே கொஞ்சம் மாற்றி, தாளில் முதலில் மெழுகு ஏற்றி வைத்தார். அப்படிச் செய்தால் சில நாள் முன்கூட்டியே தயார் செய்துகொள்ளலாம். நம் ஊர் வெயிலில் அலைகிறவருக்கு அது பெரிய சௌகரியம்.

மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் 1858இல் எப்படி இருந்தன என்று இன்று பார்க்க முடிவது டிரைப்பால்தான். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். பிறகு வந்த ஆளுநர் டிரெவெல்யன் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று நிறுத்திவிட்டார்.

மாக்னா கார்ட்டா இங்கே இருந்ததாமே?

ஆமாம். ராஜாவும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்தான் என்று எழுதிவைத்த சாசனம் அது. இங்கே இருந்தது புகழ்பெற்ற 1215ஆம் வருஷத்தது அல்ல, மூன்றாம் ஹென்றி 1225இல் வெளியிட்ட பதிப்பு. வில்ட்ஷயருக்கு என்று அனுப்பிய பிரதி, ஈலாவின் மடத்தில் பத்திரமாக வைக்கப்பட்டு, முத்திரையோடு 700 வருஷம் இங்கேயே கிடந்தது. 1940களில் மட்டில்டா அதை நாட்டுக்குக் கொடுத்தார். இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில்.

ஹாரி பாட்டர் எடுத்த இடம் எது? பிள்ளைகள் அதை மட்டும்தான் கேட்கிறார்கள்.

அபேயின் பிராகாரமும் கீழ் அறைகளும் ஹாக்வார்ட்ஸ் பள்ளியாக வந்தன. நான் சொன்ன அண்டா இருக்கும் அறையும் வகுப்பறையானது. கிராமத்துத் தெருவும் அந்தப் படங்களில் உண்டு. 1995இல் பிபிசி எடுத்த 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' தொடரில் கதையில் வரும் மெரிடன் என்ற ஊர் இதுதான். சரித்திரக் கதை எடுக்கிறவர்களுக்கு இது சொர்க்கம்: தார்ச் சாலையை மண் கொட்டி மறைத்து, கார்களை அப்புறப்படுத்தினால் 1800 தயார். படப்பிடிப்பு இருந்தால் சில பகுதிகள் மூடியிருக்கும், முன்னமே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று பிள்ளைகளுக்கு. மாளிகையின் பெரிய கூடத்தில், 1750களில் சுடுமண்ணில் செய்த சிலைகள் சுவர் மாடங்களில் நிற்கின்றன. ஒரு ஆட்டின் மூக்கு நுனியில் சர்க்கரைக் கட்டி இருக்கும். எப்போதோ ஒரு மாணவன் விளையாட்டாக வைத்தானாம், அதையே வழக்கமாக்கிவிட்டார்கள். கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பத்து நிமிடம் அமைதியாக இருப்பார்கள்.

கிராமத்துக்குள் எதை விடக்கூடாது?

ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் 14ஆம் நூற்றாண்டுத் தானியக் களஞ்சியம். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை மடத்துக்கு அளந்த இடம். உள்ளே நுழைந்து தலையைத் தூக்கி மரச்சட்டங்களைப் பாருங்கள். அதை ஒட்டிக் குவிமாடம் மாதிரிக் கூரை வைத்த குட்டிக் கல் அறை, குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவர்களை ராத்திரி அடைத்து வைத்த காவல் அறை. என் மச்சான் உள்ளே போய் நின்று படம் எடுத்துக்கொண்டான், ஏன் என்று கேட்காதீர்கள்.

புனித சிரியாக் தேவாலயத்தில் ஷாரிங்டனின் கல்லறை இருக்கிறது. இந்தக் கோயிலுக்கு ஒரு 15ஆம் நூற்றாண்டு வெள்ளிக் கிண்ணம் இருந்தது. விருந்தில் குடிப்பதற்குச் செய்தது, பிற்பாடு கோயில் பூசையில் சேர்ந்துவிட்டது. அதை 2013இல் 13 லட்சம் பவுண்டுக்குப் பிரிட்டிஷ் மியூசியமும் வில்ட்ஷயர் மியூசியமும் சேர்ந்து வாங்கின. விற்கலாமா கூடாதா என்று ஊருக்குள் பெரிய சச்சரவு. டால்பட்டின் கல்லறை கோயிலில் இல்லை, ஊர் இடுகாட்டில் சாதாரணமாக இருக்கிறது.

சாப்பாடு?

டீக்கடை, பேக்கரி, பழைய சத்திரங்கள் இருக்கின்றன. சைவம் கிடைக்கும், ஆனால் உருளைக்கிழங்கும் சீஸும்தான் திரும்பத் திரும்ப வரும். பெரியவர்கள் வந்தால் நான் புளியோதரை கட்டிக்கொண்டு போகிறேன், ஆற்றங்கரைப் புல்லில் உட்கார்ந்து சாப்பிட வசதி. ஜார்ஜ் இன் சத்திரத்துக்குள் மட்டும் ஒரு தடவை போய் அடுப்பைப் பாருங்கள். பக்கத்தில் மரச்சக்கரம் ஒன்று இருக்கும். அதற்குள் நாயை விட்டு ஓட வைப்பார்கள், சக்கரம் சுற்றினால் நெருப்பில் இறைச்சிக் கம்பி சுற்றும். அதற்கென்றே குட்டைக்கால் நாய்களை வளர்த்தார்கள். பாவம்.

எப்படிப் போவது? டிக்கெட் உண்டா?

லண்டன் பாடிங்டனிலிருந்து சிப்பனத்துக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போல. அங்கிருந்து பஸ் அல்லது டாக்சி. காரில் என்றால் எம்4 நெடுஞ்சாலையில் 17ஆம் வெளிவழி. ஊருக்கு வெளியே வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது, அங்கேயே விடுங்கள். தெருக்களுக்குள் கொண்டுபோனால் திருப்புவதற்குள் வியர்த்துவிடும். கிராமத்தைச் சுற்றக் காசில்லை. அபேக்கு டிக்கெட் உண்டு, நேஷனல் டிரஸ்ட் உறுப்பினருக்கு இலவசம். குளிர்காலத்தில் மாடி அறைகள் எல்லா நாளும் திறந்திருக்காது.

சனி, ஞாயிறு கூட்டம். செவ்வாய், புதன் காலை பத்தரை மணிக்கு வந்தால் தெருவே உங்களுடையது.

அந்த ஜன்னலை நாமும் படம் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஃபிளாஷ் போடாமல். தெற்குக் கூடத்தில் மூன்றில் நடு ஜன்னல். நேராக நின்று எடுத்தால் பெரும்பாலும் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிச் சுவர் இருண்டுவிடும். திரையில் ஜன்னலைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், மேகமூட்டமான நாள் என்றால் இன்னும் நல்லது.

என் அக்கா மகன் 200 கட்டம் இருக்கிறதா என்று எண்ண ஆரம்பித்தான். 140 தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு பாட்டி, தம்பி கொஞ்சம் நகரு என்று ஆங்கிலத்தில் கேட்டார். கணக்கு விட்டுப்போயிற்று. அடுத்த தடவை முதலிலிருந்து எண்ணுவதாகச் சொல்லியிருக்கிறான்.